ஓரா மீன் சிறுத்த கதை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதவும் வரும், மெதுவாக. இந்தச் சில பக்கங்களை எழுதி முடிக்க ஒரு மாரிகாலமே போய்விட்டது. பரவாயில்லை, எனக்கு இப்போது ஒரு அவசரமும் இல்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். கூர்ப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உயிர்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறி வந்தன என்கிற பாடம் அது. படித்த ஆட்கள் எத்தனையோ பேர் அதைக் குரங்குக் கதை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவதை நான் கண்டிருக்கிறேன். நான் சிரிக்கமாட்டேன். அந்தப் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும், மீன் வெட்டிக்கொண்டே, எத்தனை தரம் கேட்டேன் என்பது எனக்கே நினைவில்லை.

எங்கள் வீடு எத்தாளையைத் தாண்டி, கற்பிட்டிக்குப் போகிற ரோட்டிலிருந்து களப்புக் கடல் பக்கம் இறங்குகிற சின்ன ஒழுங்கையில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த கொட்டில் ஒன்று. அதைத்தான் வாடி என்போம். கரைக்கு வருகிற மீனில் விற்றது போக மிச்சத்தை அங்கே வெட்டி, குடல் எடுத்து, உப்புப் போட்டு, தட்டியில் காயவைத்துக் கருவாடாக்குவோம். பெண்கள் நாலைந்து பேர் இருப்போம். அதில் என் பக்கத்திலேயே எப்போதும் உட்காருகிறவள் ஒரு முஸ்லிம் பெண். முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டின தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரிலிருந்து ஒரு துணிப்பையோடு வந்தவள். என்னைவிட நாலு வயது இளையவள். என்னை அக்கா என்பாள், நான் தங்கச்சி என்பேன். என் மகள் அவளைச் சாச்சி என்று கூப்பிடுவாள்.

அந்த மகளைப் பற்றித்தான் இந்தக் கதை. அவள் என் கடைசிப் பிள்ளை. பல்கலைக்கழகத்துக்கு முந்தின உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். முதல் தரம் எழுதின சோதனையில் கொஞ்சப் புள்ளிகளால் பல்கலைக்கழகம் தவறிவிட்டது. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், அதிகம் கதைக்கமாட்டார். அன்றைக்குக் கதைத்தார்.

"இன்னும் ஒருக்கா எழுதட்டும். அதுவும் சரிவரல்ல எண்டா எறால் பண்ணைக்குப் போகட்டும். மூத்தவளும் அங்கதானே வேலைக்குப் போனவள். என்ன கெட்டுப்போனாள்?"

மூத்தவள் தண்ணீருக்குள் நின்று நின்று கால் வெடித்து வீட்டுக்கு வந்து அழுததை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதனால் வாயைத் திறக்காமல் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். இவள் அங்கே போகப்போவதில்லை.

மகளுக்கு ஒரு பழக்கம். கண்ணால் வாசித்தால் அவளுக்குப் பாடம் நிற்காது. யாருக்காவது ஒப்புவிக்க வேண்டும். கேட்கிற ஆள் அவள் பாடம் எழுதின கொப்பியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலாம் வகுப்பில் அ, ஆ, இ, ஈ ஒப்புவித்த நாளிலிருந்து அந்த ஆள் நான்தான். உயர்தரம் படிக்கிறபோதும் நான்தான். என் கை முழுக்க மீன் செதில். அதனால் கொப்பியை உப்புப் பெட்டியில் சாய்த்து வைத்து, பக்கம் பறக்காமல் ஒரு சிப்பியை மேலே வைப்பாள். நான் வெட்டுவேன், அவள் சொல்லுவாள். எங்கேயாவது நின்றுவிட்டால், அடுத்த சொல்லின் முதல் எழுத்தை எட்டிப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். "ப," என்பேன். "பரம்பரை அலகு," என்று அவள் பிடித்துக்கொண்டு ஓடுவாள். எனக்கு அது என்ன அலகு என்று தெரியாது. ஆனால் ப என்று கொடுத்தது நான்.

மத்தியானம் பாண் துண்டும் தேத்தண்ணியும் முடிந்தபிறகு தொடங்கினால், வெயில் சாய்கிற வரைக்கும் போகும். மற்றப் பாடங்கள் எல்லாம் எனக்கு வேலையின் சத்தம் மாதிரி காதில் விழுந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். கூர்ப்பு மட்டும் கதையாக இருந்தது. ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் அது பிழை என்று சொல்ல, ஒரு குடும்பச் சண்டை மாதிரிப் போகும்.

"முதல்ல எல்லாரும் நினைச்சது, உயிர்கள் படைச்ச நாளில இருந்த மாதிரியே இண்டைக்கும் இருக்குது எண்டு," என்று மகள் தொடங்குவாள். பிறகு மண்ணைத் தோண்டினவர்கள் இப்போது உலகத்தில் இல்லாத மிருகங்களின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். அப்போதுதான் யோசனை வந்தது. பிரான்ஸ் நாட்டுக்காரர் ஒருவர் சொன்னாராம், ஒட்டகச்சிவிங்கி உயரத்துக் கொப்பை எட்டி எட்டித் தின்றதால் கழுத்து நீண்டது, நீண்ட கழுத்து குட்டிக்கும் வந்தது என்று.

"நல்ல மனிசன்," என்றேன். "தாய் பட்ட பாடு பிள்ளைக்கு வந்து சேரும் எண்டு சொல்லியிருக்கிறார்."

"அம்மா, அது பிழை எண்டு பிறகு கண்டுபிடிச்சிட்டாங்க."

"ஆர் கண்டுபிடிச்ச?"

"அடுத்த பக்கத்தில வருவார்."

அடுத்த பக்கத்தில் ஒரு இங்கிலாந்துக்காரர் வந்தார். கப்பலில் உலகம் சுற்றினவர். தீவுக்குத் தீவு குருவிகளின் சொண்டு வேறு வேறாக இருந்ததாம். எனக்கு அது புதினமாகப் படவில்லை. நான் உச்சமுனைத் தீவில் பிறந்தவள். தீவில் இருக்கிறவர்களும் கரையில் இருக்கிறவர்களும் ஒரே மாதிரி இல்லை என்பது எங்களுக்குத் தெரியாதா? அந்த மனிதர் ஊர் என்ன சொல்லுமோ என்று வருஷக்கணக்காகக் கொப்பியை மூடி வைத்திருந்தாராம். அதற்குள் கிழக்குப் பக்கத்துத் தீவொன்றில் காய்ச்சலோடு கிடந்த இன்னொருவருக்கும் அதே எண்ணம் வந்து, அவருக்கே கடிதமும் போட்டுவிட்டார்.

தங்கச்சி கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே யோசனையா? சும்மா இரு புள்ள. ஆரோ ஒராள் மத்தவர்ட கொப்பியப் பாத்திருக்கான்."

"இல்ல சாச்சி, ரெண்டு பேரும் நேர்மையான ஆக்கள்."

"நேர்மையான ஆக்கள் மனுசன கொரங்கிட புள்ள எண்டு சொல்லுவாங்களா? எங்கட வாப்பாட வாப்பா வரைக்கும் எனக்குத் தெரியும். ஒராளுக்கும் வால் இல்ல."

"உனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கும், சாரத்துக்குள்ள மடிச்சு வச்சிருந்திருப்பார்," என்றேன். வாடி முழுக்கச் சிரிப்பு. அவள் என்மேல் ஒரு குடலை எடுத்து எறிந்தாள்.

குரங்கு விஷயம் எனக்கும் நெஞ்சில் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சுவாமியாரிடம் கேட்டேன். "பிள்ளையை ஒழுங்காப் படிக்கச் சொல்லுங்க அம்மா, கடவுள் கோவிக்கமாட்டார்," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். எனக்கு அது காணும், அதுவே போதும். அதற்குப் பிறகு, பட்டாணிச் செடிகளை நட்டு, எது உயரம், எது கட்டை, எதற்கு என்ன நிறப் பூ என்று எண்ணி எண்ணிப் பரம்பரைக் குணம் எப்படிப் பிள்ளைக்கு வருகிறது என்று கண்டுபிடித்தவர் ஒரு துறவி என்று மகள் ஒப்புவித்தாள்.

"துறவி எண்டா? நம்மட வேதமா?"

"ஓம் அம்மா. கத்தோலிக்கச் சாமியார். மடத்துத் தோட்டத்தில நட்டவர்."

"அத ஏன் இவ்வளவு நாளும் சொல்லாமல் வச்சிருந்தாய்?"

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஒருத்தரையும் விடாமல் சொன்னேன்.

இனி ஓராவுக்கு வருகிறேன். ஓரா என்பது உள்ளங்கை போல அகலமான, சின்ன வாய்க்கார மீன். ருசியென்றால் ருசி. முள் குத்தினால் கை தோள்மூட்டு வரைக்கும் கடுக்கும். சுடுதண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு அரை நாள் இருக்க வேண்டி வரும். கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து நான் வெட்டின ஓராவை வரிசையாக வைத்தால் கற்பிட்டிக் கோட்டை வரைக்கும் போகும். வயிற்றைக் கீறிக் குடல் எடுக்கிறபோது சினை இருக்கிறதா என்று பார்ப்போம். சினையைத் தனியாக வைத்து, வீட்டுக்குப் பொரிக்கக் கொண்டுபோவோம். அது வெட்டுகிற பெண்களின் உரிமை, எந்த முதலாளியும் கேட்கமாட்டான்.

நான் புதிதாக வந்த காலத்தில் சினை வேண்டுமென்றால் பெரிய ஓராவைத்தான் தேடுவோம். பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்தால் ஒரு சாணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் குறைந்ததைக் கீறிப் பார்ப்பதே வீண், உள்ளே ஒன்றும் இராது. வருஷம் போகப் போக, முக்கால் சாண் மீனிலும் சினை வந்தது. மகள் உயர்தரம் படித்த காலத்தில் அரைச் சாண் மீன், குழந்தை மாதிரி, அதுவும் வயிற்றில் சினையோடு வந்தது. பெரியது அருமையாகிவிட்டது. ஆண்கள் வலையைப் பற்றிக் கதைத்தார்கள், காற்றைப் பற்றிக் கதைத்தார்கள். இந்தச் சினை விஷயம் வெட்டுகிற எங்களுக்கு மட்டுந்தான் தெரியும். ஏன் அப்படி என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, புத்தளத்தில் வகுப்பு எடுத்த டீச்சர், வீட்டில் எழுதிக்கொண்டு வரும்படி ஒரு கட்டுரை கொடுத்தார். கூர்ப்பு எப்படி நடக்கிறது, உங்கள் சூழலிலிருந்து ஒரு உதாரணம் தந்து விளக்க வேண்டும். மகள் வாடியில் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"நம்மட ஓராவ எழுது," என்றேன்.

சினையைப் பற்றிச் சொன்னேன். அவள் கண் விரிந்தது. இவ்வளவு நாளும் பக்கத்திலேயே இருந்தும் அவள் அதைக் கவனிக்கவில்லை. எனக்குப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது. காரணத்தையும் நானே சொன்னேன்.

"வலைக்கண்ணுக்குள்ளால நழுவ வேணும் எண்டு மீன் உடம்பச் சுருக்கிச் சுருக்கிப் பழகிச்சு. தாய் சுருங்கினதால குஞ்சும் சுருங்கிப் பிறந்திச்சு. அப்பிடியே சின்னனாப் போச்சு."

மகள் கொப்பியில் பழைய பக்கமொன்றைப் புரட்டினாள். "அம்மா, அது அந்த ஒட்டகச்சிவிங்கிக் கதை மாதிரியெல்லா இருக்கு. அது பிழையெண்டு..."

"ஒட்டகச்சிவிங்கியப் பற்றி எனக்குத் தெரியாது. ஓராவப் பற்றித் தெரியும். உன்ட புத்தகம் எழுதினவன் ஒரு ஓராவையாவது வெட்டினானா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இப்போது நினைத்தால், அந்தப் பார்வையில் எல்லாமே இருந்தது. அவளுக்குச் சரியான விடை தெரியும். ஆனாலும் குனிந்து நான் சொன்னதையே எழுதினாள். நான் மற்றப் பெண்களைப் பார்த்து, "என்ட கதை சோதனைப் பேப்பருக்குப் போகுது, தெரியுமா?" என்றேன். அது வகுப்புக் கட்டுரைதான், சோதனைப் பேப்பர் இல்லை. எனக்குப் பெரிதாகச் சொல்லவேண்டும் போல இருந்தது. தங்கச்சி, "இனி அக்காவுக்கும் டீச்சர்மார் மாதிரிக் கண்ணாடி ஒண்டு வாங்கிப் போடோணும்," என்றாள். அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், போயிற்று. கட்டுரைக்கு என்ன நடந்தது என்று கேட்டால், "டீச்சர் இன்னும் தரயில்ல," என்றாள். ஒருநாள் மத்தியானம் அவள் கிணற்றடியில் இருக்கும்போது, உப்புப் பெட்டியில் வைக்கக் கொப்பியை எடுக்கலாம் என்று அவள் பையைத் திறந்தேன். கட்டுரை இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. அடியில் டீச்சர் ஏதோ எழுதியிருந்தார். நான் நின்ற இடத்திலேயே எழுத்துக் கூட்டினேன். "அவதானம் மிக நன்று. விளக்கம் பழைய பிழை." பழைய என்பதை வாசிக்க எனக்கு நேரம் எடுத்தது. பிழை என்பது உடனே விளங்கியது. புள்ளி பாதிக்கும் குறைவு.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் என் கையில் தாளைக் கண்டு நின்றுவிட்டாள்.

"ஏன் எனக்குக் காட்டயில்ல?"

"எழுதினது நான்தானே அம்மா. பிழையும் என்டதான்."

அவள் என்மேல் பாய்ந்து, நீங்கள்தான் சொன்னீர்கள் என்று சண்டை பிடித்திருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். அவள் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"இனி நான் கொப்பி பாக்கமாட்டன்," என்றேன். "பிழையான ஆள் பாத்தா பிழையாத்தான் பாடம் வரும். படிச்ச ஆள் ஆரயும் தேடிக்கொள்."

இப்படிச் சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டேன். வீம்பு பிடித்தவள் நான், சின்ன வயதிலிருந்தே. என் அம்மாவோடு ஒரு பாவாடைக்காக ஒரு பெருநாள் முழுக்கக் கதைக்காமல் இருந்திருக்கிறேன்.

மகள் தனியாக ஒப்புவித்துப் பார்த்தாள். கிணற்றுக்கட்டுக்குச் சொன்னாள், சுவருக்குச் சொன்னாள். தங்கச்சியிடம் கொப்பியைக் கொடுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வரியைக் கேட்டு முடிக்கிறதற்குள் சிரிப்பு வந்துவிடும். நடுவில் நின்றால் எடுத்துக் கொடுக்கத் தெரியாது. நாலு நாள் போக, ஒப்புவிக்கிற சத்தமே நின்றுவிட்டது. பிள்ளை கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு களப்பைப் பார்த்தபடி இருந்தாள். கடலால் வந்த என் வீட்டுக்காரர் கூட, "என்ன, வீட்டில ஒரு சத்தமும் இல்ல?" என்று கேட்டார். பிறகு, "எறால் பண்ணையில ஆள் எடுக்கிறாங்களாம்," என்றும் சொன்னார். வேண்டுமென்று சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, எனக்கு மூத்தவளின் வெடித்த கால்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் வாடியில் தங்கச்சி மெதுவாகக் கதையைத் தொடங்கினாள்.

"அக்கா, நான் ஒண்டு கேக்கட்டா? கோவிக்காதீங்க."

"கேள். கோவிக்கிறதப் பிறகு பாப்பம்."

"ஒங்களுக்குக் காது குத்தியிருக்கு. ஒங்கட உம்மாவுக்கும் குத்தியிருந்திச்சு. அவட உம்மாவுக்கும். எத்தின தலமொறயாக் குத்துறம்? ஒரு புள்ளையாவது ஓட்டக் காதோட பொறந்திச்சா?"

நான் கத்தியை நிறுத்தினேன்.

"இன்னும் ஒண்டு இருக்கு," என்று குரலைத் தாழ்த்தினாள். "எங்கட ஆம்புளப் புள்ளையளுக்குச் செய்யிறது. அதுவும் எத்தின காலமாச் செய்யிற. ஒவ்வொரு புள்ளைக்கும் புதுசாத்தானே செய்ய வேண்டியிருக்கு."

பக்கத்தில் இருந்தவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, விடவில்லை. "இத ஆர் உனக்குச் சொல்லித் தந்த?" என்று முறைத்தேன்.

"ஒங்கட மகள்தான் சொன்னா, ஆரோ வெள்ளக்காரன் எலிட வால வெட்டி வெட்டிப் பாத்தானாம், குட்டியெல்லாம் வாலோடதான் பொறந்திச்சாம். எலி வேற, காது வேறயா? நானா யோசிச்சன்."

மன்னாரில் இரண்டு வருஷம்கூடப் பள்ளிக்கூடம் போகாதவள் அவள். அவளுக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை. அப்படியென்றால் ஓரா எப்படிச் சிறுத்தது? சிறுத்ததை இந்தக் கையால் அளந்தவள் நான்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். முற்றத்து மணலில் கோழி ஒன்று குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. மேலே பருந்து வட்டமிட்டது. தாய் ஒரு சத்தம் கொடுத்தவுடன் குஞ்சுகள் மணலோடு மணலாகப் படுத்துவிட்டன. பருந்து இரண்டு தரம் சுற்றிவிட்டுப் போய்விட்டது. எனக்கே குஞ்சுகள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எல்லாம் மணல் நிறம், முதுகில் மெல்லிய கோடு.

அப்போதுதான் நினைவு வந்தது. கல்யாணத்துக்கு உச்சமுனையிலிருந்து நான் கொண்டுவந்த கோழி நல்ல கறுப்பு. ஊர்ச் சேவல் பழுப்பு. முதல் இரண்டு மூன்று வருஷம் கறுத்த குஞ்சும் பழுப்புக் குஞ்சும் பாதிக்குப் பாதியாக இருந்தன. இந்த மணலில் கறுப்பு, மேலேயிருந்து பார்த்தால் மை சிந்தின மாதிரித் தெரியும். பருந்து அதைத்தான் தூக்கும். நான் எத்தனை தரம் கல்லெறிந்து கத்தியிருக்கிறேன்! இப்போது என் முற்றத்தில் ஒரு கறுப்பும் இல்லை. எந்தக் கோழியும் பருந்துக்குப் பயந்து நிறத்தை மாற்றவில்லை. கறுத்தது வளர்ந்து முட்டையிட உயிரோடு இருக்கவில்லை. பழுப்பு இருந்தது, அது தன்னைப்போலக் குஞ்சு பொரித்தது. அவ்வளவுதான்.

வலைதான் பருந்து. எனக்குப் பொறி தட்டின மாதிரி இருந்தது. பெருத்த பிறகு சினை வைக்கிற ஓரா, ஒருதரமும் முட்டை விடாமலே வலையில் மாட்டிக்கொண்டது. ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ சின்ன வயதிலேயே சினை வைக்கிற இனமாகப் பிறந்திருக்கும். அது வலைக்கண்ணால் நழுவிப் போய் முட்டை விட்டது. அதன் குஞ்சும் அதைப்போல. இப்படியே வருஷம் வருஷமாக நடந்திருக்கிறது. ஒரு மீனும் தன் உடம்பைச் சுருக்கவில்லை. அந்த இங்கிலாந்துக்காரர் கப்பலில் போய்க் கண்டுபிடித்தது என் முற்றத்திலேயே நடந்துகொண்டிருந்தது. மகள் எத்தனையோ தரம் எனக்கு ஒப்புவித்தும் இருக்கிறாள். காதில் விழுந்ததே தவிர, தலையில் ஏறவில்லை.

மகள் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

"கொப்பியத் தா," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எழும்பவில்லை.

"நான் சொன்னது பிழை," என்றேன். "டீச்சர் சரியாத்தான் கோடு போட்டிருக்கிறா. உனக்கும் சரி தெரிஞ்சிருந்திச்சு. நான்தான் உன்னை விடயில்ல. நாளைக்கு வாடியில எல்லாருக்கும் சொல்லுறன்."

"அங்கயெல்லாம் ஏன் அம்மா சொல்லுறீங்க? தேவையில்ல."

"பெருமை அடிச்சது அங்கதானே. அங்கதான் சொல்ல வேணும்."

கோழியையும் ஓராவையும் சொன்னேன். அவள் எழும்பி உட்கார்ந்து, நடுவில் இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினாள். மீன் சிறுக்க வேறு காரணமும் இருக்கலாம், தீன் குறைந்திருக்கலாம், தண்ணீர் சூடாகியிருக்கலாம், அதையெல்லாம் ஆராய்ந்து பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்லலாம் என்றாள். முன்பென்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்று கேட்டுக்கொண்டு இருந்தேன்.

அடுத்த நாள் வாடியில் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு கிழங்கான் மீன் வெட்டுகிற நேரந்தான் எடுத்தது. ஆனால் அதுதான் நான் செய்த வேலைகளில் பாரமானது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. தங்கச்சி மட்டும், "அப்ப எனக்கும் ஒரு கண்ணாடி வாங்கோணும்," என்றாள்.

அதற்குப் பிறகு வந்த ஆறு கிழமையைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தென்னோலைக்குள்ளால் வெயில் காசு காசாகக் கொப்பியில் விழும். காற்றுக்குச் சிப்பி ஆடும். மகள் கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு சொல்லுவாள். ஒவ்வொரு உயிரின் உடம்புக்குள்ளும், முறுக்கின நூலேணி மாதிரி ஒன்று இருக்கிறதாம், தாயின் குணம் பிள்ளைக்குப் போகிற வழி அதுதானாம், சாமியார் பட்டாணியில் எண்ணினதெல்லாம் அந்த ஏணியில் இருக்கிறதாம். நான் ஏ என்பேன், அவள் ஏணி என்பாள். சில நாள் அவள் நிற்கவே மாட்டாள், எனக்கு எடுத்துக் கொடுக்க ஒன்றும் இராது. அப்போது சந்தோஷமாகவும் இருக்கும், ஒரு மாதிரியாகவும் இருக்கும்.

சோதனை நாளன்று, பேப்பர் எழுதிவிட்டு வந்தவளை ஒழுங்கை முனையிலேயே மறித்தேன். "ஓரா வந்ததா?"

"கூர்ப்பில இருந்து பெரிய கேள்வி ஒண்டும் வரல்ல அம்மா. பூவைப் பற்றித்தான் கேட்டிருந்தாங்க."

எனக்கு அந்த டீச்சர், அந்தப் பருந்து, அந்த இங்கிலாந்துக்காரர் எல்லார் மேலேயும் கோபம் வந்தது. இதற்காகவா நான் இவ்வளவு பாடுபட்டேன்? மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பூப் பாடத்துக்கும் நீங்கதானே கொப்பி பாத்தீங்க," என்றாள்.

சோதனை மறுமொழி வந்த அன்று அவளும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தோம். பலகையில் அவள் இலக்கத்தை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். எழுத்தைவிட இலக்கம் எனக்கு வேகமாக வரும். அவள் எடுத்த புள்ளி பல்கலைக்கழகத்துக்குக் காணும் என்று பள்ளிக்கூட அதிபர் சொன்னார். வீட்டுக்காரரிடம் சொன்னோம். அவர் கதிரையில் இருந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஒரு முடிச்சைப் போட்டு முடித்து, "பெட்டி ஒண்டு வாங்க வேணும்," என்றார். அதற்கு மேல் எறால் பண்ணைக் கதை எங்கள் வீட்டில் எழவில்லை.

அவள் போன காலை மழைத் தூறல். பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, வழக்கம் போல வாடியில் போய் உட்கார்ந்தேன். நான் அழவில்லை. அழுததாகத் தங்கச்சி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அது உப்பு.

இரண்டாவது கிழமை மகள் தொலைபேசியில் எடுத்தாள். சாப்பாடு எப்படி, தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டு, கேட்க வேண்டும் என்று நினைத்ததைக் கேட்டேன்.

"அங்க ஆர் மகள் உனக்குக் கொப்பி பாக்கிற?"

"இங்க மனப்பாடமாக்கத் தேவையில்ல அம்மா. இதப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேக்கிறாங்க."

"அப்பிடியா?"

"ஓம். முதல்ல பயமாத்தான் இருந்திச்சு."

"அப்ப கேட்ட உடன சொல்லிப்போடாத," என்றேன். "ரெண்டு மூண்டு நாள் பாத்திட்டுச் சொல்லு. பிழையெண்டா பிழையெண்டு சொல்லு. அதில ஒரு குறையும் இல்ல."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அழுகிறாளோ சிரிக்கிறாளோ தெரியவில்லை. பிறகு வகுப்புக்கு நேரமாயிற்று என்று வைத்துவிட்டாள்.

தங்கச்சி கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டாள், "என்னவாம் மகள்?"

"நல்லா இருக்கிறாளாம்," என்றேன். "இனி அவளிட்டத்தான் கேக்கிறாங்களாம்."